கான் சாகிப் யாருடைய ஆள்?



கொஞ்சம் நீளமான பதிவு. "சார் மறுபடியும் வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டார்" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுவதும் படித்துவிட்டுச் சிரியுங்கள். அரசு வேலையிலோ சீருடைப் பணியிலோ இருப்பவர்கள் அவசியம் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில் பத்தாம் வகுப்பு படித்த பையன். இப்போது ராணுவத்தில் கேப்டன். குறுகிய காலப் பணியாணையில் சேர்ந்தவர், அதாவது ஷார்ட் சர்வீஸ் கமிஷன். ஒப்பந்த காலம் முடியப் போகிறது. அவர் கேட்டார்: "சார், வேற யூனிஃபார்ம் சர்வீஸுக்கு மாறலாமான்னு யோசிக்கிறேன். மாறினா என்னோட இத்தனை வருஷ சீனியாரிட்டி என்ன ஆகும்? என்னை யாரோட ஆளா எடுத்துக்குவாங்க?"

கூட வந்திருந்த அவருடைய அம்மா, "ஒரே எடத்துல இருக்க மாட்டியாப்பா" என்று அலுத்துக்கொண்டார். எனக்கோ அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் மனதில் நின்றுவிட்டது. யாருடைய ஆள்? இதே கேள்விக்கு நம் மதுரையில் ஒரு மனிதர் கழுத்தைக் கொடுத்திருக்கிறார். காளவாசல் தாண்டிச் சம்மட்டிபுரத்தில் இருக்கிறது அவருடைய அடக்கத்தலம். கான் சாகிப் பள்ளிவாசல் என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். தினமும் பேருந்தில் அந்தப் பக்கம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு படைத்தளபதியின் சமாதி என்று தெரியும்?

கேப்டனுக்கு அன்று அரைகுறையாகச் சொன்னேன். இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

முகமது யூசுப் கான் என்ற கான் சாகிப், ராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்தவர் என்பது வழக்கு. பிறந்தபோது பெயர் மருதநாயகம். பிறகு இஸ்லாத்தைத் தழுவினார். சினிமாவால் அந்தப் பெயர் உங்களில் பலருக்குத் தெரியும். வரலாற்று ஆவணங்களில் அவர் தெளிவாகத் தெரிய ஆரம்பிப்பது 1752 வாக்கில். அப்போது ராபர்ட் கிளைவின் படையில் தன் சிப்பாய்களோடு வந்து சேர்கிறார்.

கர்நாடகப் போர்கள் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆற்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிப் ஒரு பக்கம், முகமது அலி ஒரு பக்கம். முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை, பின்னவருக்கு ஆங்கிலக் கம்பெனி துணை. பாடப்புத்தகத்தில் நீங்கள் மனப்பாடம் செய்த பகுதிதான். அன்று நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் ஒரு படைவீரன் இன்று ஒருவரிடம், நாளை மற்றவரிடம் என்று மாறுவது தப்பாகவே கருதப்படவில்லை. சம்பளம் கொடுப்பவர் எஜமான், அவ்வளவுதான். கான் சாகிபும் அப்படி வந்தவர்தான்.

வெள்ளைக்காரரும் அப்படித்தான். கிளைவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1744இல் சென்னைக்கு வந்தபோது அவர் கணக்கெழுதும் எழுத்தர். 1747இல் என்சைன் என்ற கடைநிலைப் படை அதிகாரி. பிறகு படைக்குத் தீனி, சரக்கு வாங்கிக் கொடுக்கும் வேலை. 1751இல் கேப்டனாக ஆற்காட்டுக் கோட்டையைப் பிடிக்கிறார். அதன் பிறகு அரசரின் படையில் லெப்டினன்ட் கர்னல் பட்டமும், கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையின் நிர்வாகப் பொறுப்பும். எழுத்தர், படை அதிகாரி, ஒப்பந்தக்காரர் போன்ற வேலை, மறுபடி படை, பிறகு நிர்வாகம் என்று எத்தனை மாறுதல்! ஒவ்வொரு மாறுதலிலும் அவர் ஏறிக்கொண்டேதான் போனார்.

ஆனால் அந்தக் காலத்திலேயே ஒரு சிக்கல் தலைகாட்டிவிட்டது. 1754இல் இங்கிலாந்து அரசர் தன் சொந்தப் படைப்பிரிவு ஒன்றை இந்தியாவுக்கு அனுப்பினார். 39ஆவது படைப்பிரிவு, தலைவர் கர்னல் ஆடல்கிரான். அதுவரை இங்கே கம்பெனிப் படைக்குத் தலைமை தாங்கியவர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ். திருச்சியைக் காப்பாற்றிய தளபதி. போர் தெரிந்தவர், நாடு தெரிந்தவர். ஆனால் அரசரின் பணியாணை கம்பெனியின் பணியாணையை விட உயர்ந்தது என்பது விதி. லாரன்ஸுக்கும் ஓர் அரச பணியாணை வாங்கிக் கொடுத்தார்கள், ஆனாலும் ஆடல்கிரான் பணிமூப்பில் மேலே. லாரன்ஸ் அவருக்குக் கீழே வேலை பார்க்க மறுத்துவிட்டார்.

இரண்டு சீருடைப் பணிகள் ஒரே இடத்தில் சந்திக்கும்போது முதலில் எழும் கேள்வி, யார் யாருக்கு சல்யூட் அடிப்பது என்பதுதான். 270 ஆண்டுக்கு முன்னாலும் இதுதான், இன்றும் இதுதான்.

சரி, கான் சாகிபுக்கு வருவோம். திருச்சி முற்றுகையின்போது உணவு வண்டிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பதிலும், உளவறிவதிலும் அவருக்கு நிகர் இல்லை. லாரன்ஸ் அவரை மனம் திறந்து பாராட்டி எழுதியிருக்கிறார். 1754இல் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராக, கமாண்டன்ட் ஆக, நியமிக்கப்பட்டார். மறு ஆண்டு சென்னை அரசு தங்கப் பதக்கம் அளித்தது. நம் ஊர்க்காரர் ஒருவருக்கு அந்தக் காலத்தில் இது சாதாரண கௌரவம் அல்ல.

அதே 1754இல் ஒரு சம்பவம். இதைக் கவனமாகப் படியுங்கள், பின்னால் தேவைப்படும். ஸ்ரீரங்கம் பக்கம் ஒரு கடிதம் சிக்கியது. கான் சாகிப் மைசூராரோடு சேர்ந்து துரோகம் செய்யப் போகிறார் என்று காட்டும் கடிதம். கம்பெனி என்ன செய்தது? அவரைக் காவலில் வைத்து, ஆங்கிலப் படை அதிகாரிகளைக் கொண்டு விசாரித்தது. விசாரணையில் கடிதம் பொய் என்று தெரிந்தது. ஆங்கிலேயரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த பொன்னியப்பன் என்பவர் செய்த சூழ்ச்சி அது. பொன்னியப்பனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். கான் சாகிப் மானத்தோடு விடுதலையானார்.

அவர் தப்பித்ததற்கு என்ன காரணம்? நிரபராதி என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, அன்று அவர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கம்பெனியின் ஆள். கம்பெனி ஆள் மீது புகார் வந்தால் கம்பெனி விசாரிக்கும். அந்த விசாரணைக்கு ஒரு முறை இருந்தது.

இன்னொரு சம்பவம், 1755. நவாபுக்குக் கட்டுப்படாத மதுரை, நெல்லைச் சீமைகளை அடக்க கர்னல் ஹெரான் தலைமையில் ஒரு படை வந்தது. நவாபின் அண்ணன் மாபூஸ் கானும் கூட வந்தார். கான் சாகிபும் அந்தப் படையில் இருந்தார். அந்தப் படை கோவில்குடிக் கோயிலை உடைத்துச் சாமி சிலைகளை எடுத்துக்கொண்டு போனதும், திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்து அடித்துச் சிலைகளை மீட்டதும் மேலூர், திருமோகூர் பக்கத்து ஆட்களுக்குத் தாத்தா சொன்ன கதையாகவே தெரிந்திருக்கும். ஹெரான் போன இடமெல்லாம் கை நீட்டியவர். சென்னைக்குத் திரும்பியதும் அவர் மீது ராணுவ விசாரணை நடந்தது. குற்றம் உறுதியாகிப் பதவி பறிபோனது. அவ்வளவுதான் தண்டனை. உயிர் போகவில்லை. ஏனென்றால் அவரும் கம்பெனியின் ஆள், அவருக்கும் ஒரு விசாரணை முறை இருந்தது.

1756இல் கான் சாகிபை மதுரைக்கு அனுப்பினார்கள். மூன்று ஆண்டு பாளையக்காரர்களோடு போராட்டம். இடையில் 1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, தெற்கிலிருந்து கான் சாகிபைக் கூப்பிட்டார்கள். அவர் போய் வெளியிலிருந்து பிரெஞ்சுக்காரரின் உணவு வழிகளை அறுத்து நிம்மதியில்லாமல் செய்தார். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையை விட்டு விலகினார்.

இந்த வேலைக்குப் பரிசாக வந்ததுதான் அவருடைய வாழ்க்கையை மாற்றிய பணிமாறுதல். 1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வரி வசூலையும் நிர்வாகத்தையும் அவரிடம் ஒப்படைத்தார்கள். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். நாடு நவாபுடையது. நவாபுக்கு இதில் இஷ்டமில்லை. ஆனால் அவரோ கம்பெனிக்குப் பெருங்கடன்காரர். சென்னை ஆளுநர் பிகாட்டின் சபை சொன்னதை மீற முடியவில்லை.

இப்போது பாருங்கள் நிலைமையை. கான் சாகிப் வளர்ந்தது கம்பெனிப் படையில். அவரைத் தேர்ந்தெடுத்தது கம்பெனி. அவர் ஆள்வது நவாபின் நாட்டை. குத்தகைப் பணம் நவாபின் பெயரில். அவரிடம் இருக்கும் சிப்பாய்களில் ஒரு பகுதி கம்பெனி ஆட்கள், மற்றவர்கள் அவரே சேர்த்தவர்கள். கம்பெனிப் படையின் கமாண்டன்ட் பதவி என்ன ஆனது? அது நடப்பில் இருக்கிறதா, விட்டுவிட்டாரா? மதுரை வேலை முடிந்தால் பழைய வேலைக்குத் திரும்ப முடியுமா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் யாரும் உட்கார்ந்து பதில் எழுதி வைக்கவில்லை. நம் அலுவலக மொழியில் சொன்னால், அயற்பணிக்கு அனுப்பினார்கள், ஆனால் அயற்பணி ஆணை இல்லை. தாய்த்துறையில் அவருக்கு லீன் உண்டா இல்லையா என்று எங்கும் இல்லை.

நிர்வாகத்தில் அவர் கெட்டிக்காரர். கண்மாய், வாய்க்கால்களைச் சீர்செய்தார். நெசவாளருக்கும் வணிகருக்கும் ஆதரவு கொடுத்தார். மீனாட்சி கோயிலுக்கு நின்றுபோயிருந்த வருமானத்தை மறுபடி கிடைக்கச் செய்தார். நம் ஊர் கான்சா மேட்டுத் தெருவில் இருப்பதும் அவர் பெயர்தான். அவரை மகாத்மா ஆக்க வேண்டாம். பாளையக்காரர்கள் மீதும் கள்ளர் நாட்டு மக்கள் மீதும் அவர் கை இரும்புக்கை. பூலித்தேவர் வழி வந்த கதைகளில் அவர் பகைவர்தான். இரண்டும் ஒரே மனிதர்தான் என்று சொல்வதுதான் வரலாற்று ஆசிரியன் வேலை.

1761இல், இன்னும் நான்கு ஆண்டுகளுக்குக் குத்தகை கொடுங்கள், ஆண்டுக்கு 7 லட்சம் தருகிறேன் என்று அவர் கேட்டார். மறுத்துவிட்டார்கள். நவாபுக்கு அவர் மீது பயமும் பொறாமையும். கம்பெனியோ மெல்ல மெல்லக் கையைக் கழுவ ஆரம்பித்தது. அவர் நவாபின் பணியாளர், நவாப் சொல்படி நடக்க வேண்டும் என்ற நிலைக்கு வந்தது. கம்பெனிக்காக ரத்தம் சிந்தியவர், எந்த நவாபைக் கம்பெனி தன் கைக்குள் வைத்திருந்ததோ அந்த நவாபுக்கு அடங்கிய ஆள் என்று ஆனார். அவர் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது அடுத்து அவர் செய்ததிலேயே தெரிகிறது.

அவர் படை திரட்டினார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்த பிறகு, வேலையில்லாமல் சுற்றிய பிரெஞ்சு வீரர்கள் பலர் உள்நாட்டு மன்னர்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் மார்ச்சாந்த் என்ற அதிகாரி கான் சாகிபிடம் வந்தார். 1763இல் மதுரையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது.

இங்கேதான் காலம் அவரைக் கைவிட்டது. அதே 1763 பிப்ரவரி 10ஆம் தேதி, பாரிஸில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஏழாண்டுப் போர் முடிந்தது. அந்த உடன்படிக்கையில் நம்மைப் பற்றியும் ஒரு வரி உண்டு. கர்நாடகத்தின் முறையான நவாப் முகமது அலி என்று இரு நாடுகளும் ஒப்புக்கொள்கின்றன என்பதே அது. பாரிஸில் யாரோ நாலு பேர் போட்ட கையெழுத்து, மதுரைக் கோட்டையில் இருந்தவரின் நிலையைத் தீர்மானித்துவிட்டது. நவாப் முறையானவர் என்றால், நவாபை எதிர்க்கும் கான் சாகிப் வெறும் கலகக்காரர். அவர் ஏற்றிய கொடிக்குரிய நாடே அவருக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டுவிட்டது.

1763இல் கம்பெனியும் நவாபும் சேர்ந்து மதுரையை முற்றுகையிட்டார்கள். நம் கோட்டையை அவர் பலப்படுத்தி வைத்திருந்தார். கோட்டை இப்போது இல்லை. பிறகு கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடித்து அகழியைத் தூர்த்துவிட்டார்கள், அந்த இடத்தில்தான் வெளிவீதிகளும் மாரட் வீதியும் வந்தன. மழைக்காலம் வந்ததும் முதல் முற்றுகை தோற்றது. அடுத்த ஆண்டு மேஜர் சார்லஸ் கேம்பல் தலைமையில் மறுபடி வந்தார்கள். 1764 ஜூன் 26இல் சுவரில் ஏறித் தாக்கியதும் தோல்வி. பிறகு சண்டையை விட்டுவிட்டுச் சோற்றை அடைத்தார்கள். ஊருக்குள் ஒரு மணி அரிசி போக வழியில்லை. பஞ்சம். கோட்டைக்குள் இருந்தவர்களின் மனம் உடைந்தது.

அக்டோபர் நடுவில் மார்ச்சாந்தும் கான் சாகிபின் சொந்த ஆட்கள் சிலரும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கட்டி ஆங்கிலப் படையிடம் ஒப்படைத்தார்கள். தொழுகையில் இருந்தபோது பிடித்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. 1764 அக்டோபர் 15ஆம் தேதி, நவாபின் ஆணைப்படி, முகாமுக்கு முன்னால் தூக்கிலிட்டார்கள். இரண்டு முறை கயிறு அறுந்தது, உடலைத் துண்டாக்கி வெவ்வேறு ஊர்களில் புதைத்தார்கள் என்றெல்லாம் மக்கள் சொல்வார்கள். கான் சாகிபு சண்டை என்ற கதைப்பாடலும் பிறந்தது.

இப்போது 1754ஐயும் 1764ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதலில் துரோகப் புகார், விசாரணை, விடுதலை. பத்து ஆண்டு கழித்து துரோகப் புகார், விசாரணையே இல்லை, தூக்கு. லஞ்சம் வாங்கிய ஹெரானுக்குக் கிடைத்த ராணுவ நீதிமன்றம் கூட, அவரை விடப் பல மடங்கு உழைத்த கான் சாகிபுக்குக் கிடைக்கவில்லை. அவர் செய்தது கலகம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆயுதம் எடுத்தார், பழைய எஜமானரின் ஆட்களைக் கொன்றார். ஆனால் அவரை விசாரிக்க வேண்டியது யார்? கம்பெனி "அவர் நவாபின் ஆள்" என்றது. முற்றுகை போட்டது கம்பெனியின் துப்பாக்கி, தூக்குக் கயிறு நவாபுடையது. பொறுப்பு யாருடையதும் அல்ல.

வகுப்பில் இதை நடத்தும்போது ஒரு விஷயம் சொல்வேன். ஒருவர் யாருடைய ஆள் என்பதை மூன்று கேள்விகளால் கண்டுபிடிக்கலாம். யார் கட்டளையிடுவது? யார் சம்பளம் தருவது? தப்பு செய்தால் யார் தண்டிப்பது? மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால் பிரச்சினை இல்லை. கான் சாகிபுக்கு மூன்றும் மூன்று திசையில் போயின.

இதற்குப் பிறகு இந்தியர் எவரையும் கம்பெனி அந்த உயரத்தில் வைக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரிகளின் கீழ் சிப்பாய்ப் பட்டாளங்களை அமைக்கும் வேலை ஏற்கனவே தொடங்கியிருந்தது. ஒரு சுபேதார் எத்தனை போர் பார்த்திருந்தாலும், நேற்று கப்பலில் வந்திறங்கிய இளம் வெள்ளை அதிகாரிக்குக் கீழேதான். முதல் உலகப் போருக்குப் பிறகுதான் இந்தியருக்கு அரச பணியாணை கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது. டேராடூனில் ராணுவக் கல்லூரி 1932இல் திறந்தது. 1949 ஜனவரி 15இல் கரியப்பா ராணுவத் தலைவர் ஆனார். கான் சாகிப் தூக்கில் தொங்கி 185 ஆண்டுகள் கழித்து.

பணிமாறுதலின் விதிகள் எப்படி உருவாயின என்பதற்கு இன்னும் இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, 1858. கம்பெனி ஆட்சி முடிந்து விக்டோரியா ராணியின் ஆட்சி வந்தது. கம்பெனியின் வெள்ளைச் சிப்பாய்களையும் ராணியின் படைக்கு அப்படியே மாற்றினார்கள். அவர்கள் கொதித்தார்கள். "நாங்கள் சத்தியம் செய்தது கம்பெனிக்கு. மாடு கன்றைப் போல எங்களை எப்படிக் கைமாற்றலாம்? புதிதாகச் சேர்வதற்குரிய ஊக்கத்தொகை கொடு, இல்லையேல் எங்களை விடு" என்பது அவர்கள் வாதம். இதை வரலாற்றில் வெள்ளையர் கலகம் என்பார்கள். கடைசியில் 1859இல், விருப்பமில்லாதவர் விலகலாம் என்று அரசு இறங்கி வந்தது. ஏறத்தாழ 10,000 பேர் விலகிக் கப்பலேறினார்கள். ஒருவரை ஒரு பணியிலிருந்து இன்னொரு பணிக்கு மாற்ற அவருடைய சம்மதம் வேண்டும் என்ற பாடம் அங்கே கிடைத்தது. கான் சாகிப் கேட்டதும் ஏறத்தாழ அதுதான். கேட்டவரின் நிறம் வேறு, கிடைத்த பதில் வேறு.

இரண்டு, 1945. சிங்கப்பூரில் சரணடைந்த பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலிருந்து பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். ஷா நவாஸ் கான், பிரேம் சகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரையும் செங்கோட்டையில் நிறுத்தி விசாரித்தார்கள். அரசருக்கு எதிராகப் போர் செய்தீர்கள் என்பது குற்றச்சாட்டு. வக்கீல் புலாபாய் தேசாய் வாதாடினார். நாடே கொந்தளித்ததால் ஆயுள் தண்டனை தள்ளுபடியானது. ஆனால் சுதந்திரம் வந்த பிறகும் அவர்களைப் பழைய ராணுவத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. நாட்டுக்காகத்தான் மாறினார்கள், நாடும் கொண்டாடியது. பணிப்பதிவேடு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

சுதந்திர இந்தியாவில் இது கொஞ்சம் ஒழுங்குக்கு வந்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு அவசரகாலப் பணியாணையில் ஏராளமான இளைஞர்களை அதிகாரிகளாக எடுத்தார்கள். போர் முடிந்து அவர்களை விடுவித்தபோது நட்டாற்றில் விடவில்லை. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போன்ற பணிகளில் அவர்களுக்கென்று இடம் ஒதுக்கினார்கள். பணிமூப்பை எப்படிக் கணக்கிடுவது என்று விதி போட்டார்கள். அந்த விதியை வைத்துக்கொண்டு நீதிமன்றங்களில் வழக்குகளும் நடந்தன. வழக்கு நடந்தது நல்லதுதான். வழக்குப் போட ஒரு விதி இருந்தது என்று அர்த்தம்.

1965 டிசம்பர் 1இல் எல்லைப் பாதுகாப்புப் படை தொடங்கியபோதும், 1977 பிப்ரவரி 1இல் கடலோரக் காவல் படை தொடங்கியபோதும் ஆட்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. மற்றப் படைகளிலிருந்துதான் வந்தார்கள். கடலோரக் காவல் படையின் முதல் தலைவர் காமத், கடற்படையின் வைஸ் அட்மிரல். நம் மண்டபத்தில் நிற்கும் அந்த வெள்ளைக் கப்பல்களின் தொடக்கம் கடற்படை கொடுத்த கப்பல்களும் ஆட்களும்தான்.

மூன்றாவது கேள்வி, அதாவது தண்டிப்பது யார் என்பது, அண்மைக்காலம் வரை இழுத்துக்கொண்டிருந்தது தெரியுமா? ராணுவத்துக்கு 1950ஆம் ஆண்டுச் சட்டம், விமானப்படைக்கு அதே ஆண்டில் தனிச் சட்டம், கடற்படைக்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம். 2001இல் அந்தமானில் முப்படைக்கும் பொதுவான ஒரு தலைமையகம் அமைத்தார்கள். அங்கே கடற்படைத் தளபதியின் கீழ் வேலை செய்யும் ராணுவ வீரர் தப்பு செய்தால், அந்தத் தளபதி நேரடியாக நடவடிக்கை எடுக்க முடியாது. அவரைத் தாய்ப்படைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். இதைச் சரிசெய்ய 2023இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, 2024 மே 10 முதல் நடைமுறைக்கு வந்தது. பொதுத் தலைமையகத்தின் தளபதிக்கு மூன்று படையினர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை அதிகாரம் கிடைத்தது. ஆனால் அவரவருக்குரிய பழைய சட்டமும் பணி நிபந்தனைகளும் அப்படியே தொடரும். 260 ஆண்டு கழித்து, கட்டளையிடுபவர் ஒருவர், தாய்ப்படை வேறொன்று என்ற நிலைக்கு எழுத்தில் ஒரு பதில்.

இனி என் சொந்தக் கதை, சுருக்கமாக. உறவினர்களுக்குத் தெரிந்ததுதான். நான் முதலில் ஒரு பள்ளியில் ஐந்து ஆண்டு வேலை பார்த்தேன். பிறகு வேறு நிர்வாகத்தின் கீழ் ஒரு பள்ளிக்கு மாறினேன். வெள்ளிக்கிழமை மாலை விடுவித்தார்கள். அடுத்து சனி, ஞாயிறு, ஆயுத பூஜை, விஜயதசமி. புதன்கிழமை காலை முதல் ஆளாகப் போய்ப் பணியில் சேர்ந்தேன். விடுமுறைதானே, என்ன ஆகப் போகிறது என்று நினைத்தேன். பணிவிடுப்பு ஆணையில் ஒரு வரி விடுபட்டிருந்தது. இருபத்தெட்டு ஆண்டு கழித்து ஓய்வூதியக் கணக்குப் போடும்போது, அந்த நான்கு நாள் பணிமுறிவு என்றார்கள். ஐந்து ஆண்டு உழைப்பு தகுதிப் பணிக்காலத்தில் சேரவில்லை. அந்த வரியை எழுத வேண்டியவர் காலமாகிவிட்டார். அலைந்து பார்த்தேன், விட்டுவிட்டேன். உங்கள் டீச்சரம்மா மட்டும் இன்றைக்கும் ஆயுத பூஜை வந்தால், "ஒங்க அஞ்சு வருஷத்துக்கும் சேத்துப் பொட்டு வையுங்க" என்று கிண்டல் செய்வார்.

கான் சாகிபோடு என்னை ஒப்பிடவில்லை. அவர் இழந்தது உயிர், நான் இழந்தது சில நூறு ரூபாய். ஆனால் ஓட்டை ஒன்றுதான். நல்ல உறவு இருக்கும்போது யாரும் காகிதம் கேட்பதில்லை. பிகாட் தெரிந்தவர், லாரன்ஸ் மதிப்பவர் என்று கான் சாகிப் நம்பியிருக்கலாம். ஆளுநர்கள் மாறுவார்கள், காகிதம் மாறாது.

கேப்டனுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். எந்தப் பணியிலிருந்து எந்தப் பணிக்கு மாறினாலும், கிளம்பும் முன்னால் எழுத்தில் வாங்குங்கள். இது அயற்பணியா, நிரந்தர ஈர்ப்பா? பழைய இடத்தில் லீன் உண்டா, எத்தனை ஆண்டுக்கு? பழைய பணிக்காலம் பணிமூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் சேருமா, எந்தத் தேதியிலிருந்து? ஒழுங்கு நடவடிக்கை அதிகாரி யார்? தடையின்மைச் சான்று, பணிவிடுப்பு ஆணை, கடைசி ஊதியச் சான்று மூன்றையும் நகலெடுத்து அம்மாவிடம் ஒரு படி கொடுத்து வையுங்கள். அம்மாமார்கள் எதையும் தொலைப்பதில்லை.

கேப்டன் கிளம்பும்போது, "சார், அந்தச் சமாதிக்குப் போயிட்டுப் போகலாமா?" என்றார். ஆட்டோவில் போனோம். 1808இல் கட்டிய சின்னக் கட்டடம். உள்ளே அமைதியாக இருந்தது. ஊதுபத்தி வாசனை. அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய், சற்று நேரம் நிமிர்ந்து நின்றார். சல்யூட் அடிக்கவில்லை. சீருடை இல்லாததால் இருக்கலாம். வெளியே வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "இவரை ஒருதடவையாவது விசாரிச்சிருக்கலாம்ல சார்?"

நாற்பது ஆண்டு வரலாறு நடத்தியவன் நான். அதற்கு மேல் எனக்கும் சொல்ல எதுவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

மதுரையில் இருப்பவர்கள் ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சம்மட்டிபுரம் போய்வாருங்கள். கான் சாகிப் பற்றி உங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்லும் கதை இருந்தால் கீழே எழுதுங்கள். குறிப்பாக மேலூர், நத்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மாணவர்களிடமிருந்து எதிர்பார்க்கிறேன். பணிமாறுதலில் காலத்தைத் தொலைத்தவர்களும் எழுதுங்கள். இளையவர்கள் படித்துப் பிழைத்துக்கொள்ளட்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்